சீமையில் பூத்த காப்பி

இன்று காலை பள்ளிக்கூட அடுப்படிக்கு விறகு வந்து இறங்கியது. வண்டிக்காரர் தூக்கிப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் கவனித்தேன், அத்தனையும் காப்பிச் செடியின் வேர்க்கட்டை. மேலே தோட்டத்தில் தேயிலை நடுவதற்காகத் தோண்டித் தோண்டி எறிகிறார்களாம். ஒன்றை அடுப்பில் வைத்ததும் புகை வராந்தாவைத் தாண்டிப் புத்தக அறைக்குள் வந்துவிட்டது. காப்பிக் கட்டை எரிந்தால் காப்பி மணக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. கண்ணைக் கரிக்கிற சாதாரண விறகுப் புகைதான். ஆனாலும் நான் ஜன்னலைச் சாத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துடைத்தது புகைக்காக மட்டும்தான் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீ இருந்தபோதுகூட நான் உனக்கு எழுதியதெல்லாம் "அலுமாரிச் சாவி கதிரைமேல் இருக்கிறது, திறந்தால் பூட்டு" என்கிற மாதிரித் துண்டுச் சீட்டுகள்தான். இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நேற்று மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் எதையும் வரிசைப்படிதான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியாததா?

நீ வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் கொழும்பு, கொழும்பிலிருந்து ரயிலில் கண்டி. பாலர் வகுப்புக்குப் புது வாத்தியாரம்மா வருகிறாள், போய்க் கூட்டிவா என்று மிஷன் வீட்டில் சொன்னார்கள். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் பனையோலைப் பெட்டி, நடுவில் சுண்ணாம்பாய் வெளுத்த ஒரு முகம். என்னைவிட இரண்டு வயது இளையவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "கடுகண்ணாவையிலை மலை விளிம்பிலை ரயில் போகேக்கை கண்ணை மூடினனான் அக்கா, இன்னும் வடிவாத் திறக்கேல்லை" என்றாய். கண்ணை எதற்கு வடிவாகத் திறக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வடிவு என்றால் அழகு. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கண் திறப்பதில்கூட அழகு பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

அது மாசிக் கடைசி. தெருவில் நடந்து வரும்போது நீ ஒருமுறை தலையை நிமிர்த்தினாய். அப்படியே நின்றுவிட்டாய். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் சத்தம் போட்டது உன் காதில் விழவில்லை.

"உதென்னக்கா, மலை முழுக்கச் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்குது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சுண்ணாம்பு இல்ல, காப்பிப் பூ. மூணு நாளைக்கு இப்புடித்தான் இருக்கும். மூச்ச இழுத்துப் பாரு, மல்லியப்பூ மாதிரி மணக்கும்."

நீ மூச்சை இழுத்தாய். வெளுத்த முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஏறியது. "சோதனை" என்று நொந்துகொண்டாய், யாரிடம் என்று தெரியாமல். "இதைக் காணாமல் கண்ணை மூடிக்கொண்டு வந்திட்டனே."

என்னைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த மலையில் ஒரு கங்காணிக்குப் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே பெரிய வகுப்புக்கு வாத்தியாரம்மாவும் ஆனவள். புத்தக அறைச் சாவி என் இடுப்பில். பிழை கண்டால் எனக்குப் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் தமிழில் தவறிவிட்டால்கூட வாய்க்குள் திருத்திக்கொண்டுதான் ஆமென் சொல்வேன். நீ அதற்கு நேர் எதிர். பிள்ளை தப்பாகச் சொன்னால் உனக்கு அது பலகாரம் மாதிரி. வாயில் போட்டு மெல்லுவாய், ரசிப்பாய், பிறகு என்னிடம் வந்து சொல்லிச் சிரிப்பாய்.

அந்த வருஷம்தான் புத்தகங்கள் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த காப்பித் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி அம்மா, தன் பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பார்த்து முடித்த படப் புத்தகங்கள் நாலைக் கூலியாள் தலையில் வைத்து அனுப்பினார். காலத்துக்கு ஒரு புத்தகம். துளிர் விடுகிற காலம், வெயில் காலம், இலை உதிர்கிற காலம், பனிக் காலம். எழுத்து கொஞ்சம்தான், பக்கம் முழுக்க வண்ணம். அந்த மாதிரி வண்ணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று முன்தானையால்தான் பக்கத்தைத் திருப்பினேன். பார்த்து முடித்ததும் அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவும் செய்துவிட்டேன்.

நீ வந்து கேட்டாய். முடியாது என்றேன். மறுநாள் கேட்டாய். சின்னப் பிள்ளைகள் மூக்கைத் துடைத்த கையோடு தொடும் என்றேன். மூன்றாம் நாள் நீ கேட்கவில்லை. என் அருகில் உட்கார்ந்து என் தலையை வாரிப் பின்னி விட்டாய். காலையில் நாம் ஒருவருக்கொருவர் தலை வாரிக்கொள்வது வழக்கம்தான், ஆனால் அன்று மத்தியானத்தில் வாரினாய். என்ன விலைக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி, புத்தக அறையில் பாய் விரித்து, பக்கத்தை நான்தான் திருப்புவேன், பிள்ளைகள் பக்கத்தில்கூட வரக்கூடாது என்ற நிபந்தனையோடு இறங்கி வந்தேன். "ஓமக்கா, ஓமக்கா" என்றாய். அந்த நிபந்தனை இரண்டே இரண்டு வெள்ளிக்கிழமை நின்றது.

முதல் வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நீ முதல் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளையள், எல்லாரும் வடிவாப் பாருங்கோ" என்றாய். உன் ஊரில் அதற்குக் கவனமாகப் பாருங்கள் என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியா? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலையைத் தடவிச் சீராக்கினார்கள். பாவாடை நுனியால் மூக்கைத் துடைத்தார்கள். கையில் எச்சில் தொட்டுப் புருவத்தை நீவிக்கொண்டாள் ஒருத்தி. எல்லாரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடிச் சிரித்த முகத்தோடு, படத்தை அழகாகப் பார்த்தார்கள்.

உனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் காதில் சொன்னேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். அர்த்தத்தைத் திருத்தப் போனேன், என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "விடுங்கோ அக்கா. கை துடைக்கச் சொல்லி நீங்கள் கத்தத் தேவையில்லை." அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாசகம் ஒரு சடங்கே ஆகிவிட்டது. நம்முடைய பள்ளிக்கூடத்தில் புத்தகம் பார்க்கும்போது தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொன்ன பிள்ளைகளும் உண்டு.

துளிர்ப் புத்தகத்தில் ஆட்டுக்குட்டிகள் இருந்தன. உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக மயிர். "ஆட்டுக்குச் சளியா வாத்தியாரம்மா, இம்புட்டுப் போத்தி விட்டுருக்காங்க?" என்றாள் சடச்சி. ஆறு வயது இருக்கும். அப்பா மேலே தோட்டத்தில் காப்பிச் செடிக்குக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். தலையில் எண்ணெய் வழிய, எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வியோடு முன் வரிசையில் உட்காருகிறவள். நீ அவளைப் பார்த்து, "சளியெண்டுதான் நானும் நினைக்கிறன்" என்றாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. அது கம்பளி ஆடு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பிறகு உன்னிடம் சண்டை போட்டேன். "முதல்ல அதுகள் கதைக்கட்டும் அக்கா. நாங்கள் பிறகு கதைப்பம்." நீ அடிக்கடி சொன்னது அது ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

வெயில் புத்தகத்தில் புல் அறுக்கிறார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாட்டுக்குப் புல் எங்கே அறுத்தாலும் ஒரே மாதிரிதான். மூன்றாம் புத்தகத்தை எடுத்த வெள்ளிக்கிழமைதான் வினையானது.

அந்த நாளில் காப்பிக்கு இலை நோய் வந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படியும். பிறகு இலை பழுத்து உதிரும். செடி குச்சியாக நிற்கும். வத்தேகமைப் பக்கம் இரண்டு தோட்டம் மூடியாயிற்று என்றும், தெல்தோட்டைப் பக்கம் யாரோ ஒரு துரை தேயிலை என்று ஒன்றை நட்டுப் பார்க்கிறாரென்றும் சந்தையில் பேசிக்கொண்டார்கள். மூடிய தோட்டத்து ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வேலியோரமாகத்தான் நடந்து போவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடும்.

நீ புத்தகத்தை விரித்தாய். ஒரு வீடு, முன்னால் பெரிய பெரிய மரங்கள், எல்லா இலையும் செம்மஞ்சள். பாதி மரத்தில், பாதி தரையில். வீட்டுக்காரர்கள் வாரிக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவு அழகான படம்.

"எலை நோவு" என்றாள் சடச்சி, மெதுவாக.

பின்னாலிருந்த ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி.

"இந்த வீட்டு ஆளுங்கள்லாம் எங்க போவாங்க வாத்தியாரம்மா?"

நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று விளக்கினேன். "அது நோவு இல்ல. சீமையில வருஷா வருஷம் இப்புடித்தான் உதிரும், அப்புறம் தன்னால துளுக்கும். யாரும் எங்கயும் போக மாட்டாங்க." சரியான பதில். ஒரு சொல் பிழை இல்லை. சடச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க தோட்டத்துத் தொரையும் துளுக்கும் துளுக்கும்னுதான் சொல்றாரு" என்றாள்.

நீ அப்போது எழுந்து போய், நாலாவது புத்தகத்தை எடுத்து வந்து, அதே வெள்ளிக்கிழமை, வரிசைப்படி அது அடுத்த வாரத்துக்கு உரியது என்று நான் சொல்லச் சொல்ல, நடுப்பக்கத்தைத் திறந்தாய். மலை, மரம், வேலி, கூரை எல்லாம் வெள்ளை.

எல்லாரும் பாயிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு சடச்சி துள்ளி எழுந்தாள். "பூத்துருச்சு! காப்பி பூத்துருச்சு!" பாய் முழுக்க எழுந்துவிட்டது. "காப்பிப் பூ, காப்பிப் பூ" என்று குதித்தார்கள். அழுதவள்தான் எல்லாரையும்விட உயரக் குதித்தாள். நிபந்தனை எல்லாம் பறந்தது. ஆளாளுக்கு வந்து படத்தின்மேல் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்கள். இலை உதிர்ந்தது, பிறகு பூத்துவிட்டது. படத்தில் வரிசை அப்படித்தானே இருந்தது?

நான் "பனி" என்று சொல்ல வாய் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். நன்றாக, குதிக்காலால். அவ்வளவு மெலிந்த உடம்பில் அத்தனை கனம் எங்கிருந்து வந்ததோ!

ஒரு மாதம் கழித்துத் துரைசாணி அம்மாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வைகாசியில் வந்து பார்ப்பேன். புத்தகங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு உபயோகப்படவில்லை என்றால் கீழே பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். இரண்டு தரம் வாசித்தேன். பனியைக் காட்டி இது என்ன என்று கேட்டு, பிள்ளை காப்பிப் பூ என்று சொன்னால், இவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று தூக்கிக்கொண்டு போய்விடுவாரே. உண்மையைச் சொல்கிறேன், என் பயம் பிள்ளைகளுக்காக இல்லை. புத்தக அறை என் கையில் இருந்தது. என் பெயர் கெடுமே என்றுதான்.

உன்னிடம் சொன்னேன். பனி என்று சொல்லிக்கொடு, ஒரு சொல்தானே என்றேன். நீ முடியாது என்றாய். அதுவரைக்கும் நீ எனக்கு முடியாது என்று சொன்னதே இல்லை.

"அது பனியெண்டு எனக்கும் தெரியும். நான் அதைக் கண்டனானோ? நீங்கள் கண்டனீங்களோ? காணாத ஒண்டைக் காணாத ரெண்டு பேர் சேர்ந்து காணாத பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதோ? அதுகள் கண்டதைத்தானே அக்கா சொல்லுதுகள்."

நானே படிப்பிக்கிறேன் என்று போனேன். சடச்சியைக் கூப்பிட்டு, "இது பனி, சொல்லு" என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பனின்னா காத்தால கொட்டுமே, வெயிலு வந்தா போயிருமே. இது கெடக்குதுங்களே?" எனக்குத் தெரிந்த பனியும் அதுதான். இந்த மலையில் பனி என்றால் விடியற்காலையில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரையை மறைத்துவிட்டு எட்டு மணிக்குப் போய்விடுகிற ஒன்று. சரியான சொல் என்று நான் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததே அரைகுறைச் சொல் என்று அந்தக் குட்டி காட்டிவிட்டாள். அந்தக் கோபத்தை உன்மேல்தான் காட்டினேன். மூன்று நாள் நீயும் நானும் பேசவில்லை. மூன்று காலையும் என் கொண்டையை நானே போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து, பெரிய வகுப்புப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும்படி திரிந்தேன்.

துரைசாணி அம்மா வந்த அன்று மழை இருட்டு. குடையை மடக்கி வராந்தாவில் சாய்த்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது; நினைத்ததைவிடக் களைத்த முகம். பிள்ளைகள் பாயில். நீ புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி, "பிள்ளையள், வடிவாப் பாருங்கோ" என்றாய். அத்தனை பேரும் தலை தடவி, மூக்குத் துடைத்து, நிமிர்ந்து, சிரித்த முகமாக உட்கார்ந்தார்கள். இது என்ன என்று அவர் என்னிடம் கேட்டார். புத்தகத்துக்கு மரியாதை என்று சொல்லி வைத்தேன். அதில் பொய் கொஞ்சம்தான்.

அவர் நேராக நாலாவது புத்தகத்தை எடுத்தார். நடுப்பக்கத்தைத் திறந்து சடச்சிக்கு முன்னால் நீட்டினார். இது என்னவென்று கேள் என்றார் என்னிடம், இங்கிலீஷில். நான் கேட்டேன்.

"காப்பி பூத்துருக்குங்க" என்றாள் சடச்சி.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். துரைசாணி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும். நான் சொன்னேன், "பனி என்று சொல்கிறாள் அம்மா."

துரைசாணி அம்மா தலையை ஆட்டினார். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை; எதிர்பார்த்தது கிடைத்த ஒரு சாதாரணத் தலையாட்டல். அடுத்த பக்கத்துக்குப் போக விரலை வைத்தார். புத்தகம் தப்பியது, என் பெயரும் தப்பியது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். முறைப்பாய் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, சடச்சியின் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததைப் பூட்டிக்கொண்டிருந்தாய். அவள் உன் காதில் என்னவோ கேட்டாள். தான் சொன்னது சரியா என்று கேட்டிருப்பாள். நீ ஓம் என்று தலையசைத்தாய்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னவள் நான். ஊரார் பிழையை எல்லாம் திருத்துகிற வாய் இது. "மன்னிக்க வேண்டும் அம்மா" என்றேன். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன். பிள்ளை பனி என்று சொல்லவில்லை. காப்பி பூத்திருக்கிறது என்றுதான் சொல்லுகிறாள். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்."

துரைசாணி அம்மா விரலை எடுத்தார். படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பிறகு, வேறு என்ன தெரிகிறது என்று கேள் என்றார்.

சடச்சி படத்தின்மேல் குனிந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. படத்தில் மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் இருந்த வானத்தில் விரலை வைத்தாள். "மானம் கருத்துருக்குங்க. இப்ப மழை பேயக் கூடாது. பேஞ்சா பூவு அழுவிப் போயிரும். காயே புடிக்காது."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் என்னவோ ஆனது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், கைக்குட்டையை எடுத்தார். "என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்லுவார்" என்றார். "பூக்கிற நாளில் விடிந்ததும் ஜன்னலில் போய் நின்று, வானத்தைப் பார்த்து, இதையேதான்." பிறகு சடச்சியின் எண்ணெய்த் தலையில், அந்தச் சுத்தமான கையை வைத்தார். புத்தகங்களைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. போகும்போது, இவை சின்னவர்களிடமே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். மறுநாள் காலை நீ என் தலையை வாரினாய். கொஞ்சம் இழுத்துத்தான் வாரினாய்.

காப்பி பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் பூத்தது பாதி. அதற்கடுத்த வருஷம் அதிலும் பாதி. துரையும் துரைசாணி அம்மாவும் கப்பல் ஏறினார்கள். சடச்சி வீட்டார் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைக்குப் போனார்கள். மூட்டையோடு வேலியோரம் நின்று, "போறோம் வாத்தியாரம்மா" என்றாள். நீ ஓடிப் போய் அவள் வாயைப் பொத்தினாய். "போறம் எண்டு சொல்லாதை பிள்ளை, வாறம் எண்டு சொல்லு." அவள் சிரித்துக்கொண்டே உன்னைப் போலவே "வாறம்" என்று இழுத்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் நமக்கு நல்ல வருஷங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை ஒன்றுகூட விடவில்லை. காய்ச்சலில் நீ படுத்த அந்த ஒரு வாரத்தில்கூட, கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "அலுமாரிக்குப் பழைய வேப்பிலையை எடுத்துப்போட்டுப் புதிசு வையுங்கோ அக்கா, பூச்சி அரிக்கும்" என்பதுதான். கதையில் வருகிறவர்கள் மாதிரி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருத்தியிருப்பேன். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம்தான். அழுகை அதற்குப் பின்னால், வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறது.

நேற்று மத்தியானத்துக்கு வந்துவிட்டேன். வாசலில் ஒரு பெண், இடுப்பில் கை வைத்த ஒரு குட்டியோடு நின்றாள். "என்னயத் தெரியுதுங்களா?" என்றாள். தெரியவில்லை. "ஆட்டுக்குச் சளி" என்றாள். எழுந்து போய்க் கட்டிக்கொண்டேன். சடச்சி! இத்தனை நாளும் தெல்தோட்டையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாளாம். புருஷனுக்கு இப்போது கண்டியில் வண்டி வேலை கிடைத்து, இங்கே வந்துவிட்டார்களாம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்திருக்கிறாள். உன்னைக் கேட்டாள். சொன்னேன். மகளின் தலையைத் தடவிச் சீராக்கிவிட்டாள். பிறகு, "அந்தப் பூப் புத்தகம் இருக்குதுங்களா?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். தையல் விட்டு நான் இரண்டு தரம் தைத்த புத்தகம். ஓரமெல்லாம் பிள்ளைகள் விரல் பட்டு மங்கியிருக்கிறது. நடுப்பக்கம் தன்னால் திறந்துகொண்டது. மகளைப் பாயில் உட்கார்த்தி அவளும் உட்கார்ந்தாள்.

"பாத்துக்கடி. நான் பொறந்த மலை. காப்பி பூத்தா இப்புடித்தான் இருந்துச்சு."

இந்தக் குட்டி காப்பிப் பூவைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலை. சீமையில் யாரோ ஒருவர் தன் ஊர்ப் பனியைப் பார்த்து வரைந்த அந்தப் படத்தைத் தவிர, அவள் அம்மாவின் மலையைக் காட்ட இந்த உலகத்தில் வேறு படம் கிடையாது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். அது அசையவில்லை. அந்த அசையாமையைத்தான் நீ எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறேன்.

குட்டி படத்தின் மூலையில் விரலை வைத்தாள். அங்கே வேலியோரம், வெள்ளைக்குள் முழங்கால்வரை நின்றுகொண்டு, சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் மலையை அண்ணாந்து பார்க்கிறாள். நான் இத்தனை வருஷத்தில் அவளைக் கவனித்ததே இல்லை.

"இது நீயாம்மா?"

சடச்சி என்னைப் பார்த்தாள். குட்டியும் என் பக்கம் திரும்பினாள். "இது எங்கம்மாங்களா, வாத்தியாரம்மா?"

"ஆமா கண்ணு, உங்கம்மாதான்" என்றேன். "நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."